கடலின் வெண்மை: ஒரு பாசியும் அதன் வைரசும்



இந்த மேடையில் பெரும்பாலும் இலக்கியமும் இலக்கணமும் பேசப்படுவது வழக்கம். கடலில் வாழும் ஒரு பாசியைப் பற்றியும் அதனைத் தொற்றும் வைரசைப் பற்றியும் பேச இடமளித்தமைக்கு முதலில் நன்றி கூறுகிறேன். இத்தலைப்பை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கொவிட் பரவல் சற்றுத் தணிந்து, மாணவர்கள் முகக்கவசத்தோடு வகுப்பறைக்குத் திரும்பியிருந்த காலம். நான் அப்போது உயர்நிலை இரண்டாம் வகுப்புக்கு அறிவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். பாடம் முடியும் வேளையில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, கிருமியே இல்லாத கடல்தான் நல்ல கடலா?" என்று கேட்டாள். நான் சற்றும் சிந்திக்கவில்லை. "ஆமாம் அம்மா, அதில் என்ன ஐயம்?" என்றேன். மணி அடித்தது. மாணவர்கள் கலைந்தனர்.

அன்று நான் சொன்ன விடை தவறு. சிறிய தவறன்று, முழுத் தவறு. அந்த மாணவி இந்நேரம் பள்ளிப்படிப்பை முடித்திருப்பாள். அவளிடம் நேரில் திருத்திச் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். ஒரு தேக்கரண்டி கடல்நீர் என்பது ஏறத்தாழ 5 மில்லிலிட்டர். கரையோரக் கடலின் மேற்பரப்பில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லியன் அளவில் வைரஸ்கள் இருப்பது இயல்பு. ஆக, தேக்கரண்டியில் 50 மில்லியன். சிங்கப்பூர், மலேசியா ஆகிய இரு நாடுகளின் மக்கள்தொகையைக் கூட்டினாலும் அந்தத் தேக்கரண்டியை எட்டாது. ஆழ்கடலில் இவ்வெண்ணிக்கை குறையும். அதனையும் கணக்கில் கொண்டு, உலகக் கடல்கள் அனைத்திலும் உள்ள வைரஸ்களின் தொகையை 1-க்குப் பின் 30 சுழியங்கள் இட்ட எண்ணாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர்.

சுழியங்களை எழுதிக்காட்டினால் மாணவர்களுக்கு ஒன்றும் விளங்காது என்பதை ஆசிரியர்கள் அறிவர். எனவே ஒரு சிறு கணக்கு. ஒரு வைரசின் நீளத்தை 100 நானோமீட்டர் என்று கொள்வோம். அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அவற்றையெல்லாம் மணிமாலை போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் அந்த மாலை ஏறக்குறைய 10 மில்லியன் ஒளியாண்டு நீளும். நமது பால்வீதிக்கு அண்டையில் உள்ள பெரிய விண்மீன் திரளான ஆண்ட்ரோமீடா 2.5 மில்லியன் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. மாலை அதனைப் போல நான்கு மடங்கு தூரம் செல்லும். கண்ணுக்குப் புலனாகாத பொருள்களைக் கொண்டு!

இவ்வளவு பெரிய கூட்டம் நெடுங்காலம் அறிவியலின் கண்ணிலேயே படவில்லை. அதற்குக் காரணம் எண்ணும் முறை. முன்பெல்லாம் ஆய்வுக்கூடத்தில் ஒரு பாக்டீரியாவை வளர்த்து, அதனை அழிக்கும் வைரஸ்கள் நீரில் எத்தனை உள்ளன என்று எண்ணினர். ஒவ்வொரு வைரசும் தனக்குரிய ஓம்புயிரை மட்டுமே தொற்றும். ஆகவே தட்டில் வளராத உயிர்களின் வைரஸ்கள் கணக்கில் வரவே இல்லை. 1989-இல் நார்வே நாட்டின் பெர்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்க், பிராட்பாக் முதலியோர் வேறு வழியில் சென்றனர். நீரை அதிவேக மையவிலக்கியில் சுழற்றி, அதிலுள்ள துகள்களை நேரே எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வலைத்தட்டில் படியவைத்து, ஒவ்வொன்றாக எண்ணினர். இயற்கை நீர்நிலைகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 250 மில்லியன் வரை வைரஸ்கள் இருப்பது தெரியவந்தது. அதுவரை நம்பப்பட்டதைவிட ஆயிரம் மடங்கு முதல் பத்து மில்லியன் மடங்கு வரை மிகுதி! எண்ணத் தெரியாததால் இல்லை என்று கருதியிருந்தோம்.

சரி, இத்தனை வைரஸ்களும் யாரைத் தொற்றுகின்றன? நம்மை அல்ல. அவற்றுள் மிகப் பெரும்பான்மையானவை கடலின் பாக்டீரியாக்களைத் தொற்றுபவை. ஒரு பகுதி பாசிகளைத் தொற்றுபவை. இன்றைய என் உரை இந்தப் பாசிகளின் வைரஸ்களைப் பற்றியது.

பாசி என்றதும் நமக்குக் குளத்துப் படிக்கட்டு நினைவுக்கு வரும், கால் வழுக்கும். கடலில் மிதக்கும் பாசிகள் அப்படிப்பட்டவையல்ல. ஒவ்வொன்றும் ஒரே ஓர் உயிரணு. வேர் இல்லை, தண்டு இல்லை, இலை இல்லை. பசுங்கணிகம் மட்டும் உண்டு. நிலத்துத் தாவரங்களோடு ஒப்பிட்டால் இவற்றின் மொத்த எடை நூற்றில் ஒரு பங்குகூட இராது. ஆயினும் உலகில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி இவற்றால் நடைபெறுகிறது. நீங்கள் இழுக்கும் இரண்டு மூச்சில் ஒன்றை இவை தருகின்றன என்று மேடைகளில் சொல்வதுண்டு. அவ்வாறு சொல்வதில் எனக்கு முழு உடன்பாடில்லை. கடலில் உண்டாகும் ஆக்சிஜனைக் கடலுயிர்களே பெரும்பாலும் செலவழித்துவிடுகின்றன. ஆனால் உலகின் உணவு உற்பத்தியில் பாதி என்பது மிகையன்று. மரம் நூறாண்டு நிற்கிறது. மிதவைப்பாசி சில நாள்களே வாழ்கிறது. சில நாள்களில் அது எப்படி மடிகிறது என்ற கேள்விக்கு, "மீன்களும் நுண்விலங்குகளும் தின்றுவிடுகின்றன" என்பதே நெடுங்காலமாகப் பாடநூல் சொன்ன விடை.

அந்த விடையில் விரிசல் விழுந்தது 1979-இல். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேயர், டெய்லர் இருவரும் மைக்ரோமோனாஸ் புசில்லா எனும் மிகச் சிறிய கடற்பாசியை அழிக்கும் வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். அப்போது அது ஒரு வியப்புச் செய்தியாக மட்டும் நின்றது. பத்தாண்டு கழித்துப் பெர்கன் எண்ணிக்கை வெளிவந்த பின்னரே அதன் பொருள் புரிந்தது.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். கதைத் தலைவி எமிலியானியா ஹக்ஸ்லியி எனும் பாசி. அண்மையில் வகைப்பாட்டாளர்கள் இதனை கெஃபைரோகாப்சா எனும் பேரினத்தில் சேர்த்துள்ளனர்; பழகிய பெயரையே நான் பயன்படுத்துகிறேன். விட்டம் ஏறக்குறைய 5 மைக்ரோமீட்டர். தலைமுடியின் குறுக்கே வரிசையாக வைத்தால் பதினைந்து வரை அடுக்கலாம். இதன் சிறப்பு, இது சட்டை அணிந்த பாசி. தன் உடலுக்குள்ளேயே சுண்ணாம்புத் தகடுகளை வார்த்து, ஒவ்வொன்றாக வெளியே தள்ளி, உடலைச் சுற்றிக் கவசமாகப் பொருத்திக்கொள்கிறது. ஒவ்வொரு தகடும் ஆரக்கால் சக்கரம் போன்ற வேலைப்பாடு உடையது. நுண்ணோக்கியில் பார்ப்பவர்கள் இதனை யாரோ செதுக்கியது என்றே முதலில் நினைப்பார்கள்.

பெயரில் உள்ள ஹக்ஸ்லி யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் அவரும் நம்மைப் போன்றதோர் அவையில் பேசியவர்தாம். 1857-இல் பிரிட்டிஷ் கடற்படையின் சைக்ளோப்ஸ் எனும் கப்பல், தந்திக் கம்பி பதிப்பதற்காக அட்லாண்டிக் கடலின் ஆழத்தை அளந்து, அடிச்சேற்றையும் அள்ளி வந்தது. அதனை ஆராய்ந்த தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி, சேற்றில் நுண்ணிய வட்டத்தகடுகள் நிறைந்திருப்பதைக் கண்டு அவற்றுக்குக் கொக்கோலித் என்று பெயரிட்டார். பின்னர் 1868-இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில், தொழிலாளர்களுக்காக ஓர் உரை ஆற்றினார். தலைப்பு, ஒரு துண்டு வெண்கட்டி. தச்சர் பையில் கிடக்கும் அந்தச் சாதாரணச் சுண்ணக்கட்டி, கோடானுகோடி கடல் நுண்ணுயிர்களின் ஓடுகளால் ஆனது என்பதை எளிய மொழியில் விளக்கினார். அறிவியலைப் பொதுமக்களிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு இன்றளவும் எடுத்துக்காட்டாகக் கூறப்படும் உரை அது. நம் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி இப்போதெல்லாம் பெரும்பாலும் ஜிப்சத்தால், அதாவது கால்சியம் சல்பேட்டால் ஆனது. எனவே அதைக் காட்டி இந்தப் பாடத்தை நடத்த ஆசிரியர்கள் முயலவேண்டாம்.

அதே 1868-இல் ஹக்ஸ்லி பெரியதொரு பிழையும் செய்தார். மதுவில் பாதுகாக்கப்பட்டிருந்த பழைய சேற்றை மீண்டும் பார்த்தபோது கோழை போன்ற ஒரு பொருள் படிந்திருந்தது. உயிரின் மூலப்பொருளையே கண்டுவிட்டதாக எண்ணி அதற்கு பாதிபியஸ் என்று பெயரும் வைத்துவிட்டார். சில ஆண்டுகளில் சேலஞ்சர் கப்பல் ஆய்வுப்பயணத்தில் சென்ற வேதியியலாளர் ஜான் புக்கானன், கடல்நீரில் மதுவைச் சேர்த்தால் கால்சியம் சல்பேட் வீழ்படிவாகித் தோன்றும் கோழையே அது என்று காட்டினார். ஹக்ஸ்லி 1875-இல் தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஓர் ஆசிரியனாக நான் இந்தச் செய்தியை அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

எமிலியானியா பாசி எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. கோடையில் வெயில் மிகுந்து, மேல்நீர் அமைதியாக அடுக்குப்பட்டு நிற்கும்போது, சில வாரங்களுக்குள் பல்கிப் பெருகும். இதனைப் பாசிப்பெருக்கு என்கிறோம். ஒரு லிட்டர் நீரில் பல மில்லியன் உயிரணுக்கள். வட அட்லாண்டிக்கில் இப்பெருக்கு நூறாயிரம் சதுரக் கிலோமீட்டருக்கு மேலும் பரவக்கூடும். அப்போது கடல் பால் கலந்தாற்போல் வெளிர்நீலமாக மாறும். விண்ணிலுள்ள துணைக்கோளங்களும் அதனைப் படமெடுக்கும். இணையத்தில் அப்படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். மிக அழகாக இருக்கும். அவ்வெண்மை எங்கிருந்து வருகிறது தெரியுமா? பாசியின் உடலிலிருந்து கழன்று நீரில் மிதக்கும் தகடுகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது. பெருக்கு முதிர முதிர, கழன்ற தகடுகள் மிகும். அழகு உச்சத்தை அடையும் கட்டத்தில், பாசிகள் மடியத் தொடங்கியிருக்கும். நாம் வியந்து பார்க்கும் படத்தில் ஒரு பங்கு, உதிர்ந்த கவசங்களின் மின்னல்.

ஏன் மடிகின்றன? உணவுச்சத்து தீர்ந்தது ஒரு காரணம். தின்னப்படுவது ஒரு காரணம். ஆனால் சில பெருக்குகள் சத்து தீர்வதற்கு முன்பே திடீரெனச் சரிந்தன. நார்வேயின் கடற்கழியில் பெரிய பைகளில் கடல்நீரை அடைத்து நடத்திய சோதனைகளின் வழி, பிராட்பாக் குழுவினர் 1993-இல் இச்சரிவின்போது வைரஸ்கள் பெருகுவதைக் காட்டினர். 1999-ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்துக்கு அப்பால், ஆங்கிலக் கால்வாயில் ஒரு பெருக்கு தோன்றியது. வில்லி வில்சனும் உடன் ஆய்வாளர்களும் அதன் நீரிலிருந்து குற்றவாளியைப் பிரித்தெடுத்தனர். அதன் குறியீட்டுப் பெயர் ஈஎச்வி-86.

அதன் மரபுத்தொகுதி 2005-இல் முழுமையாகப் படிக்கப்பட்டபோது ஆய்வாளர்கள் திகைத்தனர். 407,339 எழுத்துகள், ஏறத்தாழ 472 மரபணுக்கள். ஒப்பிட்டுப் பாருங்கள்: நம்மை வீட்டில் அடைத்துவைத்த கொரோனா வைரசின் மரபுத்தொகுதி ஏறக்குறைய 30,000 எழுத்துகளே. ஈஎச்வியின் உருவமும் பெரியது. 180 நானோமீட்டர் அளவு. பாசியின் விட்டத்தில் முப்பதில் ஒரு பங்கு. தன் மரபுச்செய்தியைப் படியெடுக்கும் கருவியையும் தானே சுமந்துவருகிறது. வியப்பிலும் வியப்பு யாதெனில், அதன் மரபணுக்களுள் ஒரு தொகுதி, ஸ்பிங்கோலிப்பிடு எனும் கொழுப்பைத் தயாரிக்கும் செய்முறையை ஏறக்குறைய முழுமையாகக் கொண்டிருந்தது. வைரசுக்கு உடல் இல்லை, செரிமானம் இல்லை. அதற்கு எதற்குக் கொழுப்பு தயாரிக்கும் ஆலை?

விடை காணச் சில ஆண்டுகள் ஆயின. இந்தச் செய்முறை முழுவதும் பாசியிடமிருந்தே பண்டைக்காலத்தில் களவாடப்பட்டது போலும் என்று மரபணு ஒப்பீடுகள் காட்டின. வைரஸ் உள்ளே நுழைந்ததும் பாசியின் சொந்தக் கொழுப்புத் தயாரிப்பு அடங்குகிறது. வைரசின் பதிப்பு இயங்கத் தொடங்குகிறது. அதன் விளைபொருளாகிய கொழுப்பு, பாசி இயல்பில் செய்வதிலிருந்து சற்றே வேறுபட்டது. இக்கொழுப்பு வைரசின் மேலுறைக்குப் பயன்படுகிறது. அது மட்டுமன்று. அளவு மிகும்போது பாசியின் உயிரணுவுக்குள் இருக்கும் தன்னழிவு ஏற்பாட்டை முடுக்கிவிடுகிறது. பல உயிரணுக்களைக் கொண்ட நம் உடலில், பழுதுபட்ட அணு தானாக மடிவது உடலுக்கு நன்மை. ஓரணு உயிர் தன்னை அழித்துக்கொள்ளும் ஏற்பாட்டை ஏன் வைத்திருக்கிறது என்பதே புதிர். தொற்றிய அணு விரைந்து மடிந்தால், வைரஸ் பெருகுமுன் சுற்றத்தார் காப்பாற்றப்படலாம் என்பது ஒரு விளக்கம். ஆனால் ஈஎச்வி அந்த ஏற்பாட்டையே தனக்கு வேலைக்காரனாக்கிக்கொண்டது. தன்னழிவுக்குரிய நொதிகளைச் சோதனையில் தடுத்துவிட்டால் வைரசும் பெருகுவதில்லை! எதிரிக்காக வைத்த வெடி எதிரியின் கைக்கே போய்விட்டது.

தொற்றிய பன்னிரண்டு பதினான்கு மணிநேரத்தில் புதிய வைரஸ்கள் வெளிவரத் தொடங்கும். ஓர் உயிரணுவிலிருந்து பல நூறு, சிலவேளை ஆயிரம். ஆய்வுக்கூடக் குடுவையில் கலங்கலாக இருந்த பாசி வளர்ப்பு சில நாள்களில் தெளிந்த நீராகிவிடும். கடலில் இது நிகழும்போது, அலைநுரையின் குமிழிகள் வெடித்துச் சிதறும் நுண்திவலைகளில் ஏறி வைரஸ்கள் காற்றிலும் பயணம் செய்கின்றன. பாசியைத் தொற்றும் ஆற்றலை அப்போதும் இழப்பதில்லை என்று இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 2015-இல் காட்டினர்.

இவ்வளவு வல்லமை பெற்ற எதிரி இருக்கும்போது பாசி எப்படி அழியாமல் இருக்கிறது? இங்குதான் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எமிலியானியாவுக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. சுண்ணாம்புச் சட்டை அணிந்தது இரட்டை மரபுத்தொகுதி உடையது. அதே பாசி ஒற்றை மரபுத்தொகுதி உடைய வேறொரு வடிவத்திலும் வாழ்கிறது. அவ்வடிவத்துக்குச் சட்டை இல்லை. இரண்டு சாட்டையிழைகளால் நீந்தித் திரியும். 2008-இல் ஃபிராடா முதலியோர் இந்த நீந்தும் வடிவத்தின் மீது வைரசைச் செலுத்திப் பார்த்தனர். தொற்றவே இல்லை. வைரசுக்கு அது கண்ணில் படாதது போலவே இருந்தது. சட்டையணிந்த கூட்டத்தை வைரஸ் தொற்றும்போது, சில அணுக்கள் ஒற்றை வடிவத்துக்கு மாறித் தப்புகின்றன. ஆய்வாளர்கள் இதற்கு ஆலிசின் அற்புத உலகம் கதையில் வரும் செஷயர் பூனையின் பெயரைச் சூட்டினர். தலையை வெட்ட ஆணையிட்டபோது உடலை மறைத்துத் தலையை மட்டும் காட்டிய பூனை அல்லவா அது! இல்லாத கழுத்தை யாரால் வெட்ட முடியும்?

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். வைரஸ் இல்லாத கடல் நல்ல கடலா?

ஒரு பாசியை நுண்விலங்கு தின்றால், அதிலுள்ள கரிமப்பொருள் மீன்களை நோக்கி மேலேறுகிறது. வைரசால் வெடித்தால், பாசியின் உட்பொருள்கள் நீரில் கரைந்து பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன. நைட்ரஜனும் பாஸ்பரசும் இரும்பும் மேல்நீரிலேயே தங்கி, அடுத்த தலைமுறைப் பாசிக்கு உரமாகின்றன. வில்ஹெல்ம், சட்டில் இருவரும் 1999-இல் இதனை வைரஸ் வழிமாற்று என்று விளக்கினர். நீரோட்டத்தை மடைமாற்றிவிடும் உழவரை நினைத்துக்கொள்ளுங்கள். சோதனைகளில் கடல்நீரிலிருந்து வைரஸ்களை வடிகட்டி நீக்கியபோது, பாசிகள் செழிக்கவில்லை. மாறாக அவற்றின் வளர்ச்சி குன்றியது. மேலும், பெரும்பான்மை பெற்றுக் கொழுக்கும் இனத்தைத்தான் அதன் வைரஸ் எளிதில் சந்திக்கும். அரிதான இனத்தை அது தேடிக் கண்டுபிடிப்பது கடினம். எனவே ஓரினம் கடலை முற்றாகக் கைப்பற்றிவிடாமல் பலவினமும் இடம்பெற வைரஸ்கள் துணைநிற்கின்றன என்று பெர்கனைச் சேர்ந்த திங்ஸ்டாட் வாதிட்டார். நான் "ஆமாம் அம்மா" என்று சொன்ன அந்தக் கிருமியற்ற கடல், பட்டினி கிடக்கும் கடல்.

இதோடு நிறுத்தினால் வைரசைப் பெரும் வள்ளலாக்கிவிடுவேன். அதுவும் சரியன்று. கரிமக் கணக்கில் இன்னும் தீராத வழக்கு ஒன்று உண்டு. சுண்ணாம்புத் தகடு உண்டாகும்போது வேதிவினையின் பயனாகக் கரியமிலவாயு வெளிப்படுகிறது. பாசி ஒளிச்சேர்க்கையில் அதனை உட்கொள்ளவும் செய்கிறது. ஒரே உயிர், இரு கையாலும் கணக்கெழுதுகிறது. அது மடிந்தபின் மேல்நீரிலேயே கரைந்தால் கரிமம் விரைவில் வளிமண்டலத்துக்குத் திரும்பும். ஆழத்தில் அமிழ்ந்தால் நீண்ட காலம் அங்கேயே கிடக்கும். வழிமாற்றுக் கொள்கையின்படி வைரஸ் முதல் வழிக்கு உதவ வேண்டும். ஆனால் 2012-இல் நார் எனும் ஆய்வுக்கப்பல், கடலடியில் கிடந்த டைட்டானிக்கை 1985-இல் கண்டறிந்த அதே கப்பல், அசோர்ஸ் தீவுகளிலிருந்து ஐஸ்லாந்து நோக்கிச் சென்று பல எமிலியானியா பெருக்குகளை ஆராய்ந்தது. தொற்று தொடங்கிய நிலையில் இருந்த பெருக்குகளில், பாசிகள் பிசினை வெளியிட்டு ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகின்றன. கவசத்தின் சுண்ணாம்பு எடைக்கல்லாக இழுக்க, அத்திரள்கள் ஆழத்தில் வேகமாக இறங்குகின்றன. அவ்வாறாயின் வைரஸ் கரிமத்தைப் புதைக்கவும் துணைசெய்கிறது. வழிமாற்றா, புதைப்பா? இரண்டும் நடக்கின்றன, எப்போது எது மிகும் என்பது தொற்றின் கட்டத்தைப் பொறுத்தது என்றே இப்போதைக்குச் சொல்லலாம். உலகின் எதிர்கால வெப்பநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் பலவற்றில் வைரசுக்கு இன்னும் தனி இடம் தரப்படவில்லை. இது எனக்குக் கவலை தருகிறது.

நம் நீரிணைக்கு இதில் தொடர்புண்டா என்று சிலர் கேட்கக்கூடும். எமிலியானியாவின் பெரும் பெருக்குகள் குளிர்க்கடலுக்கு உரியவை. ஆனால் ஜோகூர் நீரிணையில் வேறுவகைப் பாசிகள் பெருகி மீன்வளர்ப்போரை வருத்தியதை இங்குள்ள பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 2014-இல் மேற்கு நீரிணையில் கூண்டு மீன்கள் செத்தபோது கார்லோடினியம் ஆஸ்ட்ரேல் எனும் பாசி அடையாளம் காணப்பட்டது. 2015 பிப்ரவரி இறுதியில் சிங்கப்பூர்ப் பண்ணைகள் 500 டன்னுக்கும் மேற்பட்ட மீன்களை இழந்தன. வளர்த்த மீன்களைக் கூடைகூடையாக அள்ளிக் கொட்டியவர்களின் முகங்களைச் செய்திகளில் கண்டோம்.

அந்தப் பாசியின் வைரசைக் கண்டுபிடித்துக் கடலில் தெளித்தால் என்ன என்பது இயல்பாக எழும் யோசனை. ஜப்பானியர் அதனை ஆராய்ந்திருக்கின்றனர். அங்கே ஹெட்டிரோகாப்சா எனும் பாசி முத்துச்சிப்பிகளையும் உணவுச்சிப்பிகளையும் கொன்றுவருகிறது. அதனைத் தொற்றும் 30 நானோமீட்டர் அளவுள்ள சின்னஞ்சிறு வைரசை நாகசாகி கெய்சோவும் உடன் ஆய்வாளர்களும் கண்டறிந்தனர். வைரஸ் நிறைந்த கடலடி வண்டலைச் சேமித்துவைத்து, பெருக்கு தோன்றும்போது தூவும் முறையைப் பின்வந்தோர் சோதனை அளவில் முயன்றுள்ளனர். வேறிடத்து வைரசைக் கொண்டுவராமல் அவ்விடத்து வண்டலையே பயன்படுத்துவது அதன் நல்ல கூறு. சிக்கல் என்னவென்றால், ஒரு வைரஸ் ஒரே பாசியினத்தின் எல்லாக் கிளைகளையும் தொற்றுவதில்லை. தொற்றாத கிளை மிஞ்சும், மிஞ்சியது பெருகும். மருந்துக்கடையில் வாங்கித் தெளிக்கும் பொருளாக இதனை எண்ணிவிடக் கூடாது. சாக்கடைச் சத்து நீரிணையில் கலப்பதைத் தடுப்பதே முதல் வேலை என்பது என் கருத்து.

மொழி மன்றத்தின் மேடையில் நின்றுகொண்டு சொல்லாக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போவது முறையாகாது. நான் இதுவரை வைரஸ் என்றே சொல்லிவந்தேன். சிலருக்கு அது உறுத்தியிருக்கும். தமிழில் நச்சுயிரி என்றும் தீநுண்மி என்றும் சொற்கள் வழங்குகின்றன. நம் நாட்டுச் செய்திகளில் கிருமி என்பதே பெருவழக்கு. கிருமி என்றால் முற்காலத்தில் புழு. லத்தீனில் வைரஸ் என்ற சொல்லுக்கும் நஞ்சு என்பதே பொருள். ஆகவே நச்சுயிரி எனும் ஆக்கம் மூலத்துக்கு உண்மையானதே. ஆனால் அறிவியல் அந்த மூலப்பொருளைக் கடந்து வந்துவிட்டது. லத்தீன் பொருளை இன்று வைரஸ் என்று சொல்வோர் யாரும் நினைப்பதில்லை. நச்சுயிரி, தீநுண்மி என்று தமிழில் சொல்லும்போதோ நஞ்சும் தீமையும் கேட்பவர் காதில் ஒவ்வொரு முறையும் விழுகின்றன. கேள்வி கேட்ட மாணவியின் வாயில் கிருமி என்ற சொல் இருந்தது. நான் அச்சொல்லுக்கே விடை சொன்னேன், பொருளுக்குச் சொல்லவில்லை. நோயியல் பாடத்தில் இச்சொற்கள் இருக்கட்டும். கடலியல் பாடத்தில் வைரஸ் என்றே எழுதலாம், அல்லது வெறும் நுண்மி எனலாம் என்று முன்மொழிகிறேன். என் தமிழாசிரிய நண்பர்கள் சிலர் இதனை ஏற்கமாட்டார்கள். அவர்களோடு இவ்வழக்கை இன்று தேநீர் வேளையிலேயே தொடர அணியமாக உள்ளேன்.

இறுதியாக ஒரு செய்தி. கருங்கடலின் அடிநீரில் ஆக்சிஜன் இல்லை. அங்கே படியும் சேற்றைக் கலைக்கப் புழுவும் நண்டும் இல்லாததால், ஆண்டுதோறும் விழுந்த பொருள்கள் ஏட்டுச்சுவடி போல அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. மார்கோ கூலனும் அவருடன் சேர்ந்தோரும் அச்சேற்றைக் குழாய்வழி எடுத்து, அதிலிருந்த பழைய மரபுப்பொருளைப் படித்து 2011-இல் வெளியிட்டனர். 7,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அடுக்கிலும் எமிலியானியா இருந்தது. அதன் வைரசும் இருந்தது. ஒரே வகை வைரஸ் பல நூற்றாண்டுகள் நீடித்ததும் தெரிந்தது. இத்தனை ஆயிரம் கோடைகளில் வைரசால் பாசியை ஒழிக்க முடியவில்லை; பாசியாலும் வைரசை உதற முடியவில்லை.

வெளிமண்டபத்தில் இரண்டு நுண்ணோக்கிகள் வைக்கப்பட்டுள்ளன. ஒன்றில் எமிலியானியாவின் வளர்ப்பு, மற்றொன்றில் இன்று காலை சாங்கிக் கடற்கரையில் எடுத்த நீர். முதலில் மாணவர்கள் பார்க்கட்டும். வைரஸ் இவற்றில் தெரியாது; அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். ஆனால் சாங்கி நீரின் ஒவ்வொரு துளியிலும் அவை இருக்கின்றன. வினாக்கள் இருந்தால் கேளுங்கள். இம்முறை சிந்தித்துவிட்டே விடை சொல்கிறேன்.